இரண்டாம் சனிக்கிழமை நாடகத்துக்கு என்னை உள்ளே விடக் கோருதல்

அனுப்புநர்:
தே. தனசிங்,
இலை எடைக் கணக்கர்,
எஸ்டேட் லைன் வீடு எண் 14,
அரவேணு, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
முதல்வர் அவர்கள்,
சமுதாயக் கல்லூரி,
கீழ் கோத்தகிரி.

பொருள்: கல்லூரி அரங்கில் நாடகம் பார்க்க எனக்கு விதித்த தடையை நீக்குதல் மற்றும் மூன்றாம் காட்சியில் உள்ள பிழை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் பத்தொன்பது ஆண்டுகளாக எஸ்டேட்டில் பச்சை இலை நிறுத்து எழுதி வருகிறேன். என் மனைவி செலஸ்டின் அங்கேயே இலை பறிக்கிறாள். தேயிலை விலை விழுந்ததிலிருந்து எங்கள் இருவருக்கும் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. மிச்ச நாளில் சும்மா இருப்பானேன் என்று அவளைத் தங்கள் கல்லூரித் தையல் வகுப்பில் சேர்த்தவன் நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டதாக லைனில் சிரிக்கிறார்கள்.

2. தையல் படிக்கப் போனவள் நாடகத்தில் சேர்ந்துவிட்டாள். மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நடக்கும் அந்த நாடகத்தில் அவளுக்கு இலை பறிக்கும் பெண் வேடம். புருஷனாக நடிப்பவர் கணினி வகுப்பு எடுக்கும் திரு. சுபின். வயது இருபத்தாறு. கீழே நின்றால் அவளை அக்கா என்கிறார், மேடையில் ஏறினால் "ஏம் புள்ள" என்கிறார். அவருடைய ஒழுக்கத்தில் குறை சொல்ல மாட்டேன். தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஆனாலும் எனக்கு வயிறு எரிகிறது என்பதை ஒளிக்காமல் தெரிவித்துக்கொள்கிறேன்.

3. பிழை யாதெனில், மூன்றாம் காட்சியில் மனைவி தேயிலைக் காட்டுக்குப் புறப்படும்போது, செடி கீறாமலிருக்க இடுப்பில் சுற்றிக் கட்டும் சாக்கைப் புருஷன் கட்டிவிடுகிறார். எங்கள் எஸ்டேட்டில் எந்தப் புருஷனும் இதைச் செய்ததில்லை. பெண்கள் அவரவர் சாக்கை அவரவரே நடந்துகொண்டே கட்டிக்கொள்வார்கள். முடிச்சு பின்பக்கம் இருக்க வேண்டும், இவர் முன்பக்கம் போடுகிறார். அதையும் அவசரமில்லாமல் போடுகிறார். அந்த நேரத்துக்குள் நான் நாலு பேருடைய இலையை நிறுத்து அனுப்பிவிடுவேன்.

4. மே மாதக் காட்சியில் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஜூன் மாதம் என்னால் முடியவில்லை. எழுந்து "முடிச்சு தப்பு" என்று சத்தம் போட்டேன். மேடை ஏறி, அவர் போட்டதை அவிழ்த்து நானே கட்ட முயன்றேன். அவசரத்தில் முடிச்சு விழவில்லை. இதுவும் நாடகம்தான் என்று நினைத்துச் சனம் கைதட்டியது. செலஸ்டின் சாக்கை என் கையிலிருந்து வாங்கித் தானே கட்டிக்கொண்டு, அடுத்த வசனத்தைப் பேசினாள். அன்றிலிருந்து வீட்டில் சோறு வைக்கிறாள், பேச்சு வைப்பதில்லை.

5. ஜூலை மாதம் டிக்கெட் எடுக்கப் போனபோது, வாசல் காவலர் திரு. ஆறுக்குட்டி, "ஏனுங்க, உங்களை மட்டும் உடக்கூடாதுன்னு ஆர்டருங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை. காட்சி முடியும்வரை வெளியே சுவரோரம் மழையில் நின்றேன். மூன்றாம் காட்சி முடிந்ததும் உள்ளே கைதட்டல் கேட்டது. ஊரில் யார் யாரோ பார்க்கிறார்கள், கட்டிய புருஷனுக்குத்தான் கதவு சாத்தியிருக்கிறது.

6. அன்றே நாடக ஆசிரியர் திரு. நாச்சிமுத்து அவர்களை வழிமறித்து, எஸ்டேட்டில் இல்லாத வழக்கத்தை நாடகத்தில் நுழைத்தது யார் என்று கேட்டேன். தாங்கள் விசாரித்தால் இதே பதிலைத்தான் அவர் சொல்வார்: "நான் வெக்கலைங்க. உங்க ஊட்டுக்காரம்மாதான் இப்படி ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும்னு கேட்டு வெச்சாங்க."

7. ஐயா, பத்தொன்பது வருஷம் அவள் பறித்த இலையை நான்தான் நிறுத்தேன். எல்லாருக்கும் போலவே அவளுக்கும் ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழித்தே எழுதினேன். சொந்தப் பெண்டாட்டிக்கும் சலுகை காட்டாதவன் என்று எஸ்டேட் மேனேஜர் துரை வரைக்கும் எனக்கு நல்ல பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை.

8. இந்த மனுவை முதலில் எழுதியபோது, மூன்றாம் காட்சியை நீக்க வேண்டும், இல்லையேல் திரு. சுபின் அவர்களை மாற்ற வேண்டும் என்று கேட்டிருந்தேன். அவ்விரண்டு கோரிக்கைகளையும் அடித்துவிட்டேன். முடிச்சும் முன்பக்கமே இருக்கட்டும்.

ஆகவே, ஆகஸ்ட் மாதக் காட்சிக்கு மட்டுமாவது என்னை உள்ளே அனுமதிக்குமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். கடைசி வரிசை போதும். வாய் திறக்க மாட்டேன், வேண்டுமானால் திரு. ஆறுக்குட்டி என் பக்கத்திலேயே உட்காரட்டும். இரண்டு முறை பார்த்தும் நான் அந்த ஆளின் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். சாக்கு கட்டிவிடும்போது செலஸ்டின் முகம் எப்படி இருக்கிறது என்று நான் இன்னும் பார்க்கவில்லை.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்) தே. தனசிங்

இடம்: அரவேணு
நாள்: 23.07.2001