மருதங்கன்றுகளைக் கவ்வாத்து வெட்டியவள்

அக்கா, இன்று காலையில் ஆற்றங்கரைப் பாதையில் நடந்தேன். பல்லேகலைத் தொழிற்சாலைகளுக்குப் பின்னால், நாம் இருவரும் மருதங்கன்று நட்ட அதே கரைதான். ஈர மண் வாசத்தோடு, ரப்பர் எரிகிற அதே பழைய நாற்றமும் கலந்து வந்தது. அது மூக்கில் ஏறியதும் உன்னைத்தான் திரும்பிப் பார்த்தேன். நீ போய் மூன்று வருடமாகிறது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

எனக்கு எழுத்து தெரியாதே. நான் சொல்ல, மகள் எழுதுகிறாள்.

பாதைக்கு இப்போது சரளைக்கல் போட்டிருக்கிறார்கள். மீன்கொத்தி வருகிறது, நீர்க்காகம் வருகிறது. உடும்பு ஒன்று குறுக்கே போனது. என்னைப் பார்த்து ஒதுங்கக்கூட இல்லை. அந்தத் திமிரைப் பார்த்ததும் ஆடு ஞாபகம் வருகிறது. குண்டசாலையில் நமக்கு அறை தந்த முஸ்லிம் உம்மாவின் ஆடு கன்றுகளை மேய்ந்தபோது, காதைப் பிடித்து இழுத்துப் போய், "உம்மா, ஒங்க மருமகன் வேலைக்கு வந்தாரு, தின்னுட்டு தூங்குறாரு" என்று விட்டாயே. சிரித்துச் சிரித்து அந்த உம்மாவுக்குப் புரையேறிவிட்டது. சரி, கதை எங்கேயோ போகிறது.

கலவரத்தில் தோட்டத்து லய வீடுகள் எரிந்த பிறகு புசல்லாவையிலிருந்து வந்தோம். இருவருக்கும் அடையாள அட்டை இல்லை. கன்று நடும் வேலையும், அதற்கென்று தந்த முத்திரை போட்ட கடிதமும்தான் இருந்தன. சோதனைச் சாவடியில் அதைக் காட்டித்தான் போய்வந்தோம்.

அந்த நாளில் நீ தள்ளிக் குழி வெட்டிக்கொண்டிருந்தாய். கன்றுகள் இடுப்புக்கு மேல் வளர்ந்திருந்தன. தேயிலை மலையில் பழகிய கை, அந்த உயரத்தில் செடியைக் கண்டால் சும்மா இருக்குமா? கவ்வாத்து வெட்டினால்தான் பக்கத்தில் படரும் என்று ஒரு வரிசை முழுவதையும் தட்டையாக வெட்டிவிட்டேன். முடித்துவிட்டு, எவ்வளவு அழகு என்று தள்ளி நின்று வேறு பார்த்தேன்.

மேற்பார்வையாளர் வந்து தலையில் கை வைத்தார். மரத்தைத் தேயிலையாக்கியது யார் என்று சிங்களத்தில் கத்தினார். இதை எழுதுகிறவள் அப்போது என் வயிற்றில் ஏழு மாதம். நான் வாயைத் திறப்பதற்குள், "நாந்தான் மாத்தயா" என்றாய். உன் கடிதத்தை அங்கேயே பிடுங்கிக்கொண்டார்.

அறைக்கு வந்து அழுதேன். "வயித்துல புள்ளய வச்சிக்கிட்டு நீ எங்க போயி நிப்ப? பேசாம சோத்த தின்னுடி" என்றாய். மறுநாள், ஊரில் நம் தங்கை வீட்டில் விட்டிருந்த உன் மகனிடம் போக புசல்லாவை பஸ் ஏறினாய். வழியில் சாவடியில் இறக்கினார்கள். காட்ட ஒரு தாளும் இல்லை. ஐந்து மாதம் உள்ளே இருந்தாய். வெளியே வந்தபோது உனக்கு இடது காது கேட்கவில்லை.

நான் வெட்டியதில் பாதி பட்டுப்போனது. மீதி இடுப்பு உயரத்திலேயே நாலைந்தாகக் கிளைத்து நிற்கிறது. அதில் ஒன்றின் அடியில் உட்கார்ந்துதான் இன்று மூச்சு வாங்கினேன்.

உன் சாவு வீட்டில், "அம்மா கை சும்மா இருக்காது. மரத்த வெட்டிப்புட்டு வேலையும் போயி, உள்ளயும் போச்சு" என்று வந்தவர்களிடம் உன் மகன் சொல்லிக்கொண்டிருந்தான். தேத்தண்ணிக் கோப்பையோடு பக்கத்தில்தான் இருந்தேன். அன்றைக்கும் பேசவில்லை.

இதை எழுதுகிறவளுக்கும் இப்போதுதான் தெரியும். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்ப என்னாலயா பெரியம்மா உள்ள போனாங்க?"

"ஒன்னால இல்லடி. நான் பேசாததால."

பேனாவைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "அண்ணனுக்கு இத யாரு சொல்றது?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவனிடம் நானே போகிறேன் அக்கா. முழங்கால் வீங்கியிருக்கிறது. பஸ்ஸில் நிற்க முடியாது. இப்போதும் இரண்டு இடத்தில் இறங்கி வேறு பஸ் ஏற வேண்டும். உன் மகன் வாசலோடு துரத்தினாலும் துரத்தட்டும். இந்தத் தாளை மகளிடமே விட்டுவிட்டுப் போகிறேன். அவனிடம் வாயால்தான் சொல்ல வேண்டும்.