பூ உதிர்கிற வாரத்தில் வர முடியாது

ஆரணி
12.02.2025

அன்புள்ள தென்னரசு,

பொங்கலுக்கு நீ போட்ட மெயிலுக்கு மாசி பிறக்கப் போகும்போது பதில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் அதற்கு எனக்கு நேரமில்லை. போனில் சொல்லலாம் என்றால் அம்மா பிடுங்கிக்கொண்டு, "சாப்ட்டியாப்பா, குளுருதாப்பா, இங்க எல்லாம் நல்லாகீறோம்பா" என்று பேசி வைத்துவிடுகிறாள். இங்கே எல்லாரும் நன்றாக இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இனியா மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறாள். எழுந்துவிட்டால் இது பாதியில் நிற்கும்.

முதலில் நீ அனுப்பிய கிண்ணம். ஒரு பக்கம் மேடாக, ஒரு பக்கம் பள்ளமாக, பூச்சு பாதியில் நின்று வந்திருக்கிறது. குறையோடு இருப்பதுதான் அதன் அழகு என்று நீ எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "கடக்காரன் ஏமாத்திட்டாம் போல கீது, திருப்பிக் குடுத்துட்டு நல்லதா வாங்கிக்க சொல்லு" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. புடவையில் ஒரு இழை விட்டிருந்தாலே விலையைக் குறைக்கிற ஊர் இது. நீ எடுத்து அனுப்பிய துருப்பிடித்த சைக்கிள் படத்தைப் பார்த்துவிட்டு உன் மாமா, "கமண்டல நாகநதிப் பாலத்துக்குக் கீழ இந்த மாதிரி நூறு கெடக்குது, இதுக்கு ஜப்பான் போவணுமா?" என்றார். நான் சிரிக்கவில்லை. கொஞ்சம் சிரித்தேன்.

இப்போது விஷயம். உன் மருமகள் இனியாவுக்கு இந்த மாதம் மூன்று வயது ஆகிறது. பிறந்த முடி அப்படியே இருக்கிறது. படவேட்டு அம்மன் கோயிலில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்து எடுக்கிற வரைக்கும் கத்தரி படக்கூடாது என்பது உனக்குத் தெரியாததில்லை. ஒரு வயதில் எடுத்திருக்கவேண்டும். புது வேலை, லீவு கிடைக்காது என்றாய். இரண்டு இரட்டைப்படை, எடுக்கக்கூடாது. இந்த வருஷமும் விட்டால் ஐந்தில்தான். அதுவரை அந்த முடியோடு நான் என்ன செய்வேன்? நெற்றிமுடி மூக்குவரை வருகிறது. தூக்கி நட்டுக்கினு நிற்கிற மாதிரிக் கட்டிவிட்டால் அரை மணி நேரத்தில் அவிழ்த்துவிடுகிறாள். விளையாட்டுப் பள்ளி மிஸ், "மேடம், பாப்பா தலைய அண்ணாந்துகினே போர்ட பாக்குது" என்றார்கள். மாறுகண் வந்துவிடுமோ என்று நெட்டில் தேடினேன். தேடியிருக்கக்கூடாது. போதாததற்குப் பேன் வேறு.

பங்குனியில் மார்ச் 28 வெள்ளிக்கிழமை நல்ல நாள். அப்பா போன பிறகு நீ இந்த வீட்டு வாசற்படியை மிதிக்கவேயில்லை. நான் எதுவும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். வா.

அக்கா,
கலைமகள்

*

கியோட்டோ
20.02.2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ரயிலில் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

மார்ச் 28 வேண்டாம் அக்கா. இங்கே செர்ரிப் பூ அந்த வாரம்தான் திறக்கும். ஒரு வாரம், காற்றடித்தால் அதுவும் இல்லை. எங்கள் புகைப்படக் குழுவில் வருஷம் முழுக்க அதற்குத்தான் காத்திருக்கிறோம். இங்கே ஒரு சொல் இருக்கிறது: மோனோ நோ அவாரே. நிலைக்காத ஒன்றைப் பார்க்கும்போது மனசுக்குள் லேசாக ஒன்று கனக்குமே, அது. பூ உதிராமல் வருஷமெல்லாம் மரத்திலேயே இருந்தால் யார் அண்ணாந்து பார்க்கப்போகிறார்கள்? இந்த ஊரில் குடும்பத்தோடு பாய் போட்டு உட்கார்ந்து உதிர்வதைப் பார்க்கிறார்கள். நான் இப்போது பழைய ஃபிலிம் கேமராவில்தான் எடுக்கிறேன். எடுத்ததை உடனே பார்க்க முடியாது. அதுவும் ஒரு பாடம்தான்.

இனியாவின் முடியும் அப்படித்தான். வெட்டப்போகிறோம் என்பதாலேயே அழகு. அதற்குள் நிறையப் படம் எடுத்து வை. ஆனால் போனில் அந்த அழகு பண்ணுகிற வசதியை அணைத்துவிட்டு எடு. நீ அனுப்புகிற படங்களில் அவள் ரப்பர் பொம்மை மாதிரி இருக்கிறாள். மூக்கு ஒழுகினால் ஒழுகட்டும்.

வைகாசியில் கண்டிப்பாக வருகிறேன். அம்மாவிடம் நீயே சொல்லிவிடு.

தம்பி,
தென்னரசு

*

ஆரணி
26.02.2025

தென்னரசு,

அன்புள்ள என்று போடவில்லை. கவனித்திருப்பாய்.

நம் தெருமுனைப் புங்கமரமும் உதிர்கிறது. தினமும் உதிர்கிறது. பெருக்குகிறவள் நான். ஒரு கை பெருக்கி நிமிர்வதற்குள் மறுபடி கொட்டிக்கிடக்கும். என் மனசுக்குள்ளும் ஒன்று கனக்கத்தான் செய்கிறது, அதற்கு இடுப்புவலி என்று பெயர். பாய் போட்டு உட்கார்ந்து பார்க்க எனக்கும் ஆசைதான்.

பூ ஒரு வாரம்தான் இருக்கும் என்று எனக்கு எழுதுகிறாயே, பிள்ளைக்கு மூன்று வயது எத்தனை வாரம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்? உன்னைப் 'போட்டோ மாமா' என்கிறாள். உன்னைப் போட்டோவில் மட்டும் பார்த்திருப்பதால்.

அம்மாவிடம் சொன்னேன். "பூவ பாக்கறதுக்கா லீவு?" என்றாள். "வேலைம்மா" என்று பொய் சொன்னேன். என்னை ஏன் பொய் சொல்ல வைக்கிறாய்?

வைகாசி. அக்னி நட்சத்திரம் முழுவதும் அந்த முடியோடு அவள் வேகவேண்டும். சரி, வைகாசி. எழுதி வைத்துக்கொள்.

உன் விருப்பப்படி எதுவும் பூசாத ஒரு படம் இணைத்திருக்கிறேன். மூக்கு ஒழுகுகிறது. நன்றாகப் பார்.

கலைமகள்

*

கியோட்டோ
02.06.2025

அன்புள்ள அக்கா,

நீ மூன்று முறை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை. தெரியும்.

நீ அனுப்பிய இனியா படத்தைப் பெரிதாக அச்சிட்டு என் மேசைக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன். முடிக்கு நடுவில் ஒரு கண் மட்டும் தெரிகிறது. எங்கள் குழுவில் காட்டினேன். நான் எடுத்த எதையும் அவர்கள் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. எடுத்தது என் அக்கா என்றேன்.

வைகாசியில் முடியாது போலிருக்கிறது. மழைக்காலம் ஆரம்பிக்கிறது, பாசிபடிந்த ஒரு கோயிலில் எடுக்க அனுமதி கிடைத்திருக்கிறது. இப்படி எழுதினால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அதனால் மிச்சத்தையும் எழுதுகிறேன். டிக்கெட் போடுகிற பக்கத்தைத் திறக்கிறேன், தேதியைப் போடுகிறேன், மூடிவிடுகிறேன். அப்பாவைக் கொண்டுபோன அன்று நம் சித்தப்பா பையன் கிரண் போனைப் பிடித்துக்கொண்டு எனக்குக் காட்டினானே, பாதியில் சிக்னல் போய்ப் படம் அப்படியே நின்றுவிட்டது. தெருவில் நான்கு பேர், அவர்கள் தோளில் அப்பா. எனக்கு அவர் இன்னும் அந்த இடத்தில்தான் நிற்கிறார். நான் வந்தால் தெரு காலியாக இருக்கும்.

செப்டம்பரில் பார்க்கலாமா? இலை சிவக்கிறதற்கு முன்னால்?

தம்பி,
தென்னரசு

*

ஆரணி
21.07.2025

தென்னரசு,

உனக்குப் பதில் எழுதாமல் ஒன்றரை மாதம் இருந்தேன். எழுதியிருந்தால், அந்த ஊரில் எப்பப் பார்த்தாலும் ஏதாவது உதிர்ந்துகினேதான் இருக்குமா என்று கேட்டிருப்பேன். அப்பாவைப் பற்றி நீ எழுதியதைப் படித்த பிறகு அதைக் கேட்கவும் முடியவில்லை. திட்டவும் விடாமல் ஒரு கடிதம் எழுதுவதில் நீ கெட்டிக்காரன்.

ஆடி முதல் வெள்ளி, 18ஆம் தேதி, படவேட்டில் முடி எடுத்துவிட்டோம்.

அக்னி நட்சத்திரத்தில் இனியாவின் பிடரி முழுக்க வேனல்கட்டி. ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது. டாக்டரம்மா, "முடிய எடுங்கம்மா, இதுக்குமா மருந்து எழுதணும்?" என்று சத்தம்போட்டார்கள். "மாமன் வராம கத்தி வெக்காத" என்று அம்மா ஆனி முழுக்கப் பிடிவாதம். ராத்திரியெல்லாம் பிள்ளை சொறிந்துகொண்டு அழுததைக் கேட்டவள் நான். எடுக்கலாம் என்று நான்தான் முடிவுசெய்தேன். யாரையும் கேட்கவில்லை. உன்னையும்.

கோயிலில் நல்ல கூட்டம். முடி எடுக்கிறவர் கத்தியைத் துடைத்துகினே, "மாமன் யாரு? ஜல்தி வாங்க, பின்னாடி எத்தினி பேரு நிக்கறாங்க பாரு" என்றார்.

"மாமன் ஜப்பான்ல கீறான்" என்றாள் அம்மா.

"அவ்ளோ தூரத்துக்கு என் கத்தி எட்டாதும்மா. இங்க யாரு கீறாங்க?"

சித்தப்பா மகன் கிரண் வந்து உட்கார்ந்தான். அவனும் தாய்மாமன் முறைதானே. பிள்ளை அழுவாள் என்று கையில் சாக்லேட்டோடு நான் எதிரில் நின்றேன். அவள் அழவில்லை. முதல் கற்றை அவன் வேட்டிமேல் விழுந்ததும் குனிந்து அதையே பார்த்தாள். ஈரத்தோடு, சுருண்டு, தண்ணீரில் போட்ட கருப்புப் பட்டுநூல் மாதிரி இருந்தது. மூன்று வருஷமாக என் உயிரை எடுத்த முடி. நான் சீவி, பேன் பார்த்து, கட்டி, திட்டிய முடி. இவ்வளவு அழகாகவா இருந்தது? விழுந்த பிறகுதான் பார்க்கிறேன். போன் கையில் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. எடுக்கிற நேரத்தில் அடுத்த கற்றை விழுந்துவிடும். நீ எழுதின அந்த ஜப்பான் சொல் என் நினைவுக்கு வரவில்லை, ஆனால் அதுதான் அது. உன்மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தது தெரியுமா? நீ சொன்னது சரி. சரியாகச் சொல்லிவிட்டு நீ அங்கே இருக்கிறாய்.

இன்னொன்று. ஸ்டுடியோ அருள்தாஸ்தான் படம் எடுத்தார். ஆல்பத்துக்கு அளவு பேசும்போது, "மாமன் போட்டோ ஒண்ணு குடுங்க மேடம். கிரண் சார் தலைய எடுத்துட்டு அவரு தலைய வெச்சிடறேன். ஒடம்பு ஒரே சைசுதான், ஒருத்தரும் கண்டுபுடிக்க மாட்டாங்க" என்றார். அம்மா உடனே பீரோவைத் திறந்து உன் பாஸ்போர்ட் படத்தை எடுத்து வந்தாள். "அப்ப என் தலைய இன்னா பண்ணுவீங்க?" என்று கிரண் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நான் அந்தப் படத்தை வாங்கித் திரும்ப பீரோவில் வைத்துவிட்டேன். அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

அருள்தாஸ் அனுப்பியதை இணைத்திருக்கிறேன். யார் இருந்தார்களோ அவர்கள் மட்டும் இருக்கிறார்கள்.

கலைமகள்

*

கியோட்டோ
22.07.2025

அக்கா,

படத்தைப் பார்த்தேன். கிரண் அவளை எப்படிப் பிடித்திருக்கிறான் என்று பார்த்தாயா? ஒரு கை வயிற்றுக்குக் குறுக்கே, ஒரு கை தாடைக்குக் கீழே. விரலில் முடி ஒட்டியிருக்கிறது.

அருள்தாஸிடம் என்னை ஒட்டச் சொல்.

நான் எழுதியதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. குறையின் அழகு, உதிர்வதின் அழகு, எல்லாம். வேண்டாம் அக்கா. பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை. இனியா பெரியவளாகி ஆல்பத்தைப் புரட்டும்போது மாமா இருந்தார் என்று நினைக்கட்டும். அம்மாவும் அதைத்தானே கேட்கிறாள். கிரணிடம் நான் பேசிக்கொள்கிறேன். தலை மட்டும் போதும்.

தென்னரசு

*

ஆரணி
24.07.2025

அன்புள்ள தென்னரசு,

முடியாது.

மூக்கு ஒழுகினால் ஒழுகட்டும் என்று எனக்குப் பாடம் நடத்திவிட்டு, உனக்கு மட்டும் ஒட்டுவேலையா? இனியா கேட்டால் மாமா வரவில்லை என்றுதான் சொல்வேன். ஏன் வரவில்லை என்று கேட்டால் நீயே சொல். எனக்கு அதற்குப் பதில் தெரியாது. கொஞ்சம் தெரியும், ஆனால் அதை மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்ல வராது.

தெரு காலியாக இருக்கும் என்று எழுதியிருந்தாய். காலியாக இல்லை. நானும் அன்றைக்கு வாசலோடு நின்றுவிட்டவள்தான். மறுநாள் காலையில் அதே இடத்தில் பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். எனக்கு அவரை அடிக்கவேண்டும் போலிருந்தது. பால் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். இதற்கு உன் ஊரில் என்ன சொல்லோ, எனக்குத் தெரியாது.

போன கடிதத்தில் ஒன்றை எழுதவில்லை. எழுதினால் இன்னும் நேரம் இருக்கிறது என்று நீ மறுபடி பாசிக்கோயிலுக்குப் போய்விடுவாய் என்று பயம். மொட்டை முடிந்ததும் காது குத்துகிற ஆசாரி ஊசியோடும் தோட்டோடும் தயாராக உட்கார்ந்திருந்தார். "காதுங்களா?" என்றார். கிரணும் எழுந்திருக்கவில்லை, பிள்ளையை மடியிலேயே வைத்திருந்தான். நான் வேண்டாம் என்றேன்.

"ரெண்டும் ஒண்ணாதான செய்வாங்க, இப்ப இன்னா ஆச்சு உனுக்கு?" என்றார் உன் மாமா. அம்மா மட்டும் என் முகத்தைப் பார்த்து, "வருவானாடி?" என்றாள். தெரியாது என்றேன்.

எனக்கு இன்னும் தெரியாது. முடி மாதிரி இது கண்ணில் விழாது, காத்திருக்கலாம். ஆனால் மாசியில் அவளுக்கு நான்கு ஆகிவிடும். அதற்குள் வந்தால் உன் மடி. இல்லையென்றால் யார் மடி கிடைக்கிறதோ அதில் குத்திவிடுவேன், இன்னொரு கடிதம் எழுத என்னால் ஆகாது, பேஜாராகிவிட்டது எனக்கு.

வருவதாக இருந்தால் கேமரா வேண்டாம். படத்தை அருள்தாஸ் பார்த்துக்கொள்வார். ஊசி படும்போது அவள் துள்ளுவாள். இரண்டு கையாலும் பிடிக்கவேண்டும்.

உன் அக்கா,
கலைமகள்