இரும்புப் பெட்டியில் நான்கு லைசென்ஸ்

1933 ஜூன் 6, செவ்வாய்

முதலாளி கோதண்டபாணி எங்கள் பதினோரு பேர் பிழைப்பையும் திருடிவிட்டார். நேற்று கோர்ட்டில் திவால் என்று மஞ்சள் கடுதாசி கொடுத்தாராம். மயிலாப்பூர் லாரி ஷெட் கதவில் அரக்கு முத்திரை. உள்ளே நிற்கும் மூன்று லாரிகளும் ஹாண்டில் போட்டுச் சுற்றினால் இன்றைக்கும் உறுமும். செங்கல்பட்டு ரோடும் அங்கேயே இருக்கிறது. பின் செத்தது எது? ஒரு கம்பெனி எந்த இடத்தில் சாகிறது? எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஜூன் 7

தியாகராய நகருக்கு நடந்தே போய் அவர் வீட்டைப் பார்த்தேன். மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். கார் அப்படியே நிற்கிறது.

"காரு, வூடு எல்லாம் அம்மா பேர்லப்பா. சித்திரைல மாத்திட்டாங்க" என்றான் தோட்டக்காரன்.

அதே சித்திரையில்தான் லாரிகளுக்கு மாலை போட்டு எங்களுக்குச் சுண்டல் கொடுத்தார்.

ஜூன் 9

டிரைவர் நூர் முஹம்மது பாய் வந்தார். அடையாற்றில் ஒரு பஸ்காரர் அவரை எடுத்துக்கொள்கிறாராம். திங்கள் இரண்டு மணிக்குள் லைசென்ஸைக் காட்ட வேண்டும். அது ஷெட்டுக்குள், இரும்புப் பெட்டியில். டிரைவர்கள் வேறு கம்பெனிக்குப் போய்விடாதபடி, வண்டி திரும்பியதும் லைசென்ஸை வாங்கிப் பூட்டிவிடுவது முதலாளி போட்ட சட்டம். வாங்கிப் பூட்டிய கை? குமாஸ்தா கை. என்னுடையது.

லைசென்ஸ் ஆபீசில் நகல் கேட்கப் போனாராம்.

"தொலைஞ்சி போச்சான்னான். இல்லீங்க, ஷெட்டுக்குள்ள கீதுன்னேன். அப்புறம் இன்னாத்துக்கு நகலு, போய்யான்றான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். "ஒரு பொய் சொல்லத் துப்பில்ல பாரு தம்பி எனக்கு!"

ஜூன் 10

ஷெட்டுக்கு முத்திரை வைத்த கோர்ட் அதிகாரியைப் பார்த்து, பாயுடைய லைசென்ஸைக் கேட்டேன். லைசென்ஸ் கம்பெனிச் சொத்தாம்.

"எவன் சொன்னது?" என்று கத்தினேன்.

அவர் ஒரு சாமான் ஜாபிதாவைத் திருப்பிக் காட்டினார். 'கம்பெனி உடைமைகள்' என்ற தலைப்பின் கீழ், முத்திரைக் கட்டை, சாவிக்கொத்து, டிரைவர் லைசென்ஸ் நான்கு. என் எழுத்து. சித்திரையில் முதலாளி சொல்ல எழுதியது. எதற்கு என்று கேட்டேனா? எல்லாவற்றையும் துருவுகிற நான் — அதை மட்டும் கேட்கவில்லை.

"எழுத்து அழகா இருக்கே. திங்கக்கிழமை ஷெட்டைத் திறந்து சாமான்களைச் சரிபார்க்க ஆள் வேணும். வர்றியா?" என்றார்.

ஜூன் 11

யோசித்துச் சொன்னேன் என்று எழுதினால் பொய். அங்கேயே சரி என்றுவிட்டேன். உள்ளே போனால் பாயுடையதை எடுத்துவிடலாம் — அதற்காகத்தானே? அதற்காக மட்டும்தானா?

ஜூன் 12, திங்கள்

பெட்டியைத் திறந்தோம். நான்கும் இருந்தன. மேலே இருந்தது பாயுடையது. கையில் எடுத்தேன். எதிரே அதிகாரி, பேனாவோடு. "எண்ணியாச்சா? எழுது" என்றார். நான்கு என்று ஜாபிதாவில் எழுதினேன்.

ஒன்றரை மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம்.

"தம்பி! நீ உள்ளதான் கீறே. உன் செருப்பு வாசல்ல கீது. பஸ்காரரு ரெண்டு மணி வரைக்கும்தான் பாப்பாரு. எடுத்துக் குடு தம்பி."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் ஜாபிதாவைப் பார்த்தேன்.

"தம்பி, என்துதானே அது? குடு."