கொடியில் முடிந்த பூ

சதுரங்கப்பட்டினம்,
ஆகஸ்ட் 1970

என் அண்ணனுக்கு,

விட்டுக்கொடுத்துப் போ என்று நீ எழுதியது கிடைத்தது. விட்டுக்கொடுக்கவில்லை.

ஊரே ஓட்டுப் போட்டுத்தான் நான் பஞ்சாயத்துத் தலைவர் ஆனேன். ஆனாலும் நேற்று, சுதந்திர தினத்துக்குக் கொடியேற்றப் போன என்னைத் துணைத்தலைவர் துரை ஓரமாக நிற்கச் சொன்னார்.

"நல்ல நாளும்மா. நீ பக்கத்துல நின்னுகினா போதும். என் பொஞ்சாதி ஏத்தட்டும், சுமங்கலி."

"சண்டையில செத்த எம் புருசன் மேல இந்தக் கொடியத்தான போத்துனாங்க? அப்போ யார்னா சுமங்கலி கையத் தேடுனாங்களா?" என்று கேட்டுவிட்டுக் கயிற்றைப் பிடுங்கினேன்.

அவர் மனைவிதான் இழுப்பாள் என்று நம்பிக் கொடிக்குள் பூ முடிந்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியாது. இழுத்ததும் சாமந்தியும் மல்லியும் என் தலையில் கொட்டின. ஐந்து வருடமாகப் பூவே படாத தலை.

"தட்டிவுடும்மா" என்று யாரோ பதறினார்கள்.

தட்டிவிடவில்லை. கடைத்தெரு வழியாக, தலையில் பூவோடுதான் வீட்டுக்கு நடந்தேன்.

அடுத்த முறை செங்கல்பட்டிலிருந்து வரும்போது, அண்ணிக்குப் பூ வாங்குவாய் அல்லவா? எனக்கும் ஒரு முழம் வாங்கி வா.

உன் தங்கை,
பஞ்சாயத்துத் தலைவர்