பதினைந்தாம் மாதத்து ஊசி

ஸ்ரீராம்புரம்,
பெங்களூர்.
12.8.2001

அன்பு மகள் பிரபாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ரக்ஷிதாவும் அங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே மழை விட்டபாடில்லை. போன ஞாயிறு ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து போன் செய்து, அங்கேயும் மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேனே, சொல்ல வந்தது வேறு, வாய் வரவில்லை. ரக்ஷிதாவின் ஊசி அட்டையைப் பார்த்து அங்கத்து நர்ஸ் எல்லாத் தேதியையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டாள், இனி அந்த மாநிலத்தில் எந்த டாக்டரிடம் போனாலும் அதைப் பார்த்துக்கொள்வார்கள், அட்டை தொலைந்தாலும் கவலையில்லை என்று சந்தோஷமாக எழுதியிருந்தாய். அதில் கடைசித் தேதி பொய் கண்ணு. நீ முன்னால் கிளம்பிப் போய், குழந்தை எங்களிடம் இருந்தபோது, பதினைந்தாம் மாதத்து ஊசிக்கு நான்தான் அவளை மல்லேஸ்வரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். முந்தைய ஊசிக்கு அவள் இரண்டு நாள் காய்ச்சலில் துவண்டு கிடந்தது கண்ணிலேயே நின்றது. உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது, இவள் என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், எழுந்து வந்துவிட்டேன். அடுத்த வாரம் போகலாம் என்றுதான் நினைத்தேன். வீட்டில் உன் அம்மா கேட்டதும் போட்டாச்சு என்று சொல்லிவிட்டேன், பிறகு எந்த முகத்தோடு திரும்பப் போவது. அட்டையில் நானே தேதி எழுதி டாக்டர் கையெழுத்து மாதிரி ஒரு கிறுக்கலும் போட்டேன். பீன்யா ஃபேக்டரியில் இருபத்தெட்டு வருஷம் அளந்து பார்க்காமல் ஒரு நட்டுக்குக்கூட ஓகே போடாதவன் செய்த காரியம் இது.

இப்போது எதிர்வீட்டு மஞ்சுநாத்தின் மகளுக்குப் பொன்னுக்குவீங்கி வந்து ஒரு காது கேட்காமல் போய்விட்டது, நாலு வயசுதான். அந்த ஊசி போட்டிருந்தா வந்திருக்காதாம் சார், எங்களுக்கு யாரும் சொல்லலையே என்று என்னிடம் வந்து அழுதான். அது அதே பதினைந்தாம் மாதத்து ஊசிதான் கண்ணு, எனக்குச் சொல்லியிருந்தார்கள். அவன் போனதும் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை நாள் எப்படிங்க உங்களுக்குச் சோறு இறங்கிச்சு என்று கேட்டாள், அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. கம்ப்யூட்டரில் இருப்பதை நம்பி அங்கே யாரும் குழந்தைக்கு அந்த ஊசியைப் போட மாட்டார்கள், அதனால் இது கைக்குக் கிடைத்த அன்றே போய் அந்தத் தேதியை எடுக்கச் சொல்லி ஊசியைப் போட்டுவிடு. நான்தான் பொய்யாக எழுதினேன் என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் உள்ளே இருக்கிறது, காட்டு. மாப்பிள்ளையிடமும் மறைக்காதே. போனில் சொல்லியிருந்தால் இத்தனை நாள் மிச்சமாகியிருக்கும், அதற்கும் தைரியமில்லாமல் ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

நீங்கள் மூவரும் நூறு வயசு நோய்நொடியில்லாமல் வாழ வேண்டும். ஊசி போட்டதும் மறக்காமல் போன் செய். உன் அம்மாதான் எடுப்பாள். என்னோடு பேசலாம் என்று உனக்குத் தோன்றினால் மட்டும் கூப்பிடச் சொல், பக்கத்திலேயே இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
இராஜமாணிக்கம்