ஸ்பேனர் பெட்டிக்குள் பால் டப்பா

மார்ச் 4, செவ்வாய்

எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல மகன் எழுதுகிறான். இன்று அக்கா என் பேரனைப் பார்க்க வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே மருமகளிடம், "நம்ம வம்சத்துல ஒரு பிள்ளை டப்பா பால் குடிச்சது கிடையாது, தெரியும்ல?" என்றாள். பிள்ளைக்கு இருபத்திரண்டு நாள். மருமகளுக்குப் பால் கட்டிக்கொண்டு இரண்டு முறை காய்ச்சல். "சரிங்கத்தை" என்று குளியலறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

மார்ச் 6

குழாய் ஒழுகியது. என் பழைய சைக்கிள் கடைப் பெட்டியைத் திறந்தால், ஸ்பேனர்களுக்கு அடியில் பால்மாவு டப்பா! எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, மூடியில் சிரிக்கும் குழந்தையைத் தெரியாதா? இதைச் சொன்னதும் எழுதுகிறவன் கை நின்றது. திருட்டுப் பயல், இவனும் உடந்தை.

அதே பெட்டியில் ஐம்பத்தாறு வருடத்துக்கு முன்பும் ஒரு டப்பா ஒளிந்திருந்தது. வியாழக்கிழமை. வாத்துப் படம். ஒரு பக்கம் நசுங்கல். யாருடையது என்று சொல்லமாட்டேன் - சத்தியம் செய்திருக்கிறேன். எழுதுகிறவனுக்கு வேறு ஓட்டை வாய்.

மார்ச் 7

அக்கா தன் மகன் புராணத்தை ஆரம்பித்துவிட்டாள். நூற்றுப்பத்து கிலோ ஆள், பளு தூக்குகிறவன். "எல்லாம் தாய்ப்பால் தெம்பு." எனக்குப் புரையேறியது.

மருமகள் துணி மடித்தபடியே, "மாமா, இதுக்கு மேல முடியல. பிள்ளையத் தூக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிடறேன்" என்றாள்.

வாயைத் திறந்தால் சத்தியம் போச்சு. திறக்காவிட்டால் பேரன் போச்சு. என்னதான் செய்வது?

மார்ச் 8

மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, அக்காவுக்கு எதிரிலேயே நாற்காலி போட்டுப் பால் கலக்க உட்கார்ந்தேன். வேண்டுமென்றே தப்புத் தப்பாக.

அக்கா இரண்டு நிமிடம் பொறுத்தாள். "கொண்டாடா இங்க. ஆறவெச்ச தண்ணிய முதல்ல ஊத்தணும். கரண்டிய இப்படிக் குவிக்கிறியே, மேல வழிச்சு விடு..." புட்டியை மூடிக் குலுக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் தன் கையையே பார்த்தாள்.

"அத்தை, இவ்வளவு பழக்கமா?" என்றாள் மருமகள்.

அக்கா என்னை முறைத்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"எனக்குப் பால் பத்தலடி" என்றாள் கடைசியில். "மாமியாருக்குத் தெரியாம இவன் பெட்டியிலதான் ஒளிச்சேன். வாத்துப் படம் போட்ட டப்பா."

"நான் ரெண்டும் கொடுக்கறதா இருக்கேன் அத்தை."

"உன் பிள்ளை, உன் இஷ்டம். எவளாவது கேட்டா என்கிட்ட அனுப்பு. இப்ப அவனக் கொடு, பால் ஆறுது."

மார்ச் 12

டப்பா இப்போது அடுப்படி அலமாரியில், உப்புக்குப் பக்கத்தில். மருமகள் எங்கும் போகவில்லை. அக்காவும் போகவில்லை, அதுதான் சங்கடம்.

இன்று பெட்டியைத் திறந்தேன். ஸ்பேனர்களுக்கு அடியில் க்ரீம் பிஸ்கட். அக்காவுக்குச் சர்க்கரை இருநூற்றெண்பது.

டேய், இதை மட்டும் எழுதாதே.