எஸ்தருக்கு என்ன வயது

8 ஜூலை 2024
இன்று முதல் இந்த வீட்டில் கடுகு தாளிப்பதில்லை என்று தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவள் என் மனைவி எஸ்தர். வழிமொழிந்தது அவளுடைய குமட்டல். எனக்கு வாக்குரிமை இல்லை. ஏனாத்தூரில் நான் நூலகராக இருக்கும் பொறியியல் கல்லூரியில் கொதிகலன் பற்றி ஒரு அலமாரியே இருக்கிறது. கர்ப்பம் பற்றி ஒரு புத்தகம்கூட இல்லை.

18 ஜூலை
டாக்டர் சத்யப்ரியா ஸ்கேனில் குழந்தையின் பிடரியில் தேங்கும் நீரை அளந்தார். பிறகு எஸ்தருக்கு இரத்தம் எடுத்தார்கள். அதில் இரண்டு பொருள்களின் அளவு, அதோடு தாயின் வயது, எல்லாம் சேர்த்து டவுன் சின்ட்ரோமுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணினி சொல்லுமாம். வயதுக்கு ஆதார் அட்டை: முப்பத்தேழு.

23 ஜூலை
முடிவு வந்தது: நூற்றுத் தொண்ணூற்றில் ஒன்று. சிவப்பு எழுத்து. இருநூற்றைம்பதைத் தாண்டினால் பச்சையாம்.

"இது சந்தேகம்தான், முடிவு இல்ல. பதினாறாவது வாரத்துல ஊசி போட்டு வயித்து நீர் எடுத்தாதான் உறுதியா தெரியும்," என்றார் டாக்டர்.

ஊசியால் கரு கலையுமா?

"கொஞ்சம் ரிஸ்க் இருக்குது."

ஏற்கெனவே இரண்டு கருவை இழந்தவளிடம் 'கொஞ்சம்' என்கிறார்.

25 ஜூலை
வேலை ஓடவில்லை. நூற்றுத் தொண்ணூறு பேரை வரிசையில் நிறுத்திப் பார்க்கிறேன். கருட சேவைக்கு எங்கள் தெருமுனையில் இதைவிடக் கூட்டம் நிற்கும். ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். எது?

"ஊசி வேணாம்பா," என்றாள் எஸ்தர். "இதுவும் போச்சுன்னா உன் புக்குல பாத்து சொல்லுவியா?"

"தெரிஞ்சுக்க வேணாமா?"

"தெரிஞ்சு?"

 

28 ஜூலை
தாமலிலிருந்து மாமியார் லில்லி வந்தார். விஷயத்தைக் கேட்டு ஜெபம் செய்தார். ஆமென் சொன்ன கையோடு, "முப்பத்தேழுன்னு எவன் சொன்னான்?"

"ஆதார்ல இருக்குதுமா," என்றேன்.

"அது ஹெட்மாஸ்டர் வயசு, மாப்ள! நான் நடவுக்குப் போவணும், இவள எங்க விட்டுப் போவேன்? ஸ்கூல்ல சோறாச்சும் போடுவாங்கோ. மூணு வயசுப் புள்ளய அஞ்சுன்னு சேத்துட்டேன். தலைமேல கைய வெச்சு காத தொடச் சொன்னாரு. எட்டல. தலைய சாச்சிக்கோடின்னேன். எட்டிச்சு."

எஸ்தர் சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு.

1 ஆகஸ்ட்
டாக்டர் வயதைத் திருத்திக் கணக்கிட்டார். முந்நூற்றுப் பத்தில் ஒன்று. பச்சை. இரத்தம் அதே, கரு அதே. எஸ்தருக்கு மட்டும் இரண்டு வயது குறைந்திருக்கிறது.

"ரிஸ்க் கம்மிதான். அதுக்காக இல்லவே இல்லன்னு அர்த்தம் இல்ல."

எஸ்தர் முதல் வாக்கியத்தை எடுத்துக்கொண்டாள். இரண்டாவது என் பங்கு. ஊசி வேண்டாம் என்று இருவரும் கையெழுத்திட்டோம்.

19 அக்டோபர்
பச்சைதான். பிறகு ஏன் நான் இன்னும் வரிசையில் முகம் தேடுகிறேன்? முந்நூற்றுப் பத்து பேர் — கூட்டம் கூடியிருக்கிறது, அவ்வளவுதானே?

22 ஜனவரி 2025
பெண். ஏஞ்சல். மாமியார் வைத்த பெயர். என் வாக்குரிமை பழைய நிலையிலேயே. குழந்தை மருத்துவர் உள்ளங்கையை விரித்து ரேகையைப் பார்த்தார். கண்களைப் பார்த்தார். மறுபடி உள்ளங்கை. இரத்தம் எடுக்கச் சொன்னார். எதுக்கு சார்? "சும்மா ஒரு டெஸ்ட்." சும்மா எவன் பச்சைக் குழந்தைக்கு ஊசி குத்துவான்?

10 பிப்ரவரி
குரோமோசோம் முடிவு வந்தது. இருபத்தொன்றாவது, இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கிறது: டவுன் சின்ட்ரோம். எஸ்தர் பால் கொடுத்து முடிக்கும்வரை காத்திருந்து சொன்னேன். இப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்கு இதயத்தையும் பார்க்க வேண்டுமாம். வியாழக்கிழமை ஏஞ்சலுக்கு ஸ்கேன்.